குழம்பையும் தாங்க வேண்டும், மண்ணிலும் மக்க வேண்டும்!

மாணவர்களே, இரவுச் சந்தையில் வாங்கிய மீ கோரேங்கைச் சாப்பிட்டு முடிக்கக் கால் மணி நேரம் போதும். அதைச் சுமந்து வந்த பொலிஸ்டிரீன் பெட்டியோ பல தலைமுறைகளுக்கு மக்காமல் கிடக்கும். இதற்கு மாற்று உண்டா?

மரவள்ளிக்கிழங்கு மாவிலிருந்து தொடங்குவோம். மாவுச்சத்து என்பது குளுக்கோஸ் மூலக்கூறுகள் கோத்த நீண்ட சங்கிலி. மாவைத் தண்ணீரில் கரைத்துச் சூடாக்கினால் கூழாகும்; அதைப் பரப்பி உலர்த்தினால் தாள்போல் ஆகும். ஆனால், அந்தத் தாள் அப்பளம்போல் நொறுங்கும். சிறிது கிளிசரின் சேர்த்தால், அது சங்கிலிகளுக்கு இடையே புகுந்து அவற்றை நழுவ விடும். தாள் வளையும், ஆனால், வலு குறையும்.

அந்த வலுவைத் தருவது நார். செம்பனை ஆலைகளில் பழங்களை உதிர்த்த பின் வெறுங்குலை மிஞ்சுகிறது. 100 கிலோ பழக்குலையில் ஏறக்குறைய 20 கிலோவுக்கு மேல் இப்படி மிஞ்சும். அதிலுள்ள நாரின் முக்கியப் பகுதி செல்லுலோஸ். அதுவும் குளுக்கோஸ் சங்கிலியே! அதனால் மாவும் நாரும் ஐதரசன் பிணைப்பால் நன்றாக ஒட்டிக்கொள்கின்றன. மண்சுவருக்கு வைக்கோல் வலு சேர்ப்பதுபோல, மாவுக்கு நார் வலு சேர்க்கிறது. இதுவே கூட்டுப்பொருள்.

சிக்கல் இனிமேல்தான். மாவுச்சத்து நீரை உறிஞ்சும். சூடான குழம்பை ஊற்றினால் தட்டு இளகிவிடும். ஆனால், நீரை ஏற்கும் அதே குணத்தால்தான் மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதை எளிதில் சிதைக்கின்றன. நம் உமிழ்நீரில் உள்ள அமிலேஸ் போன்ற நொதியே அவற்றின் கருவி. நீர் புகாதிருக்க நெகிழியைப் பூசினால், குழம்பைத் தாங்கும். ஆனால், அந்தப் பூச்சு மண்ணில் மக்காது. ஆகவே, ஒரு தட்டின்மேல் ‘மக்கும்’ என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது. பூச்சு எதனால் ஆனது என்றும் கேளுங்கள்.

நீங்களே சோதித்துப் பாருங்கள். ஒரு மேசைக்கரண்டி மரவள்ளி மாவு, நான்கு மேசைக்கரண்டி தண்ணீர், ஒரு தேக்கரண்டி வினிகர், ஒரு தேக்கரண்டி கிளிசரின் ஆகியவற்றைக் கலந்து, பெரியவர் துணையுடன் மிதமான தீயில் கிளறுங்கள். கலவை கெட்டியானதும் இரண்டாகப் பிரித்து, ஒன்றில் மட்டும் பொடியாக நறுக்கிய தேங்காய் நாரைக் கலந்திடுங்கள். இரண்டையும் ஒரே கனத்தில் பரப்பி, ஓரிரு நாள் உலர விடுங்கள்.

பிறகு இரண்டிலும் ஒரே அளவு துண்டுகள் வெட்டி இழுத்துப் பாருங்கள். நீர் விட்டுப் பாருங்கள். ஈர மண்ணில் புதைத்து வாரம் ஒருமுறை தோண்டிப் பாருங்கள். எது முதலில் கிழிகிறது? எது முதலில் மக்குகிறது? குறிப்பேட்டில் எழுதி வையுங்கள்.

குழம்பைத் தாங்கி, பின் மண்ணுக்கே உரமாகும் தட்டை உங்களில் ஒருவர் செய்யக்கூடாதா என்ன?