ரிமோட் விமானம்: வாங்குன அன்னிக்கே விழுறது ஏன்? ட்ரோன் ஓட்டத் தெரிஞ்சா போதுமா?

ஆசையாகக் காசு சேர்த்து வாங்கிய ரிமோட் விமானம், முதல் நாளே மண்ணில் மூக்கு குத்தி நிற்கும். நடிகர் அஜித் மூலம் தமிழ்நாட்டில் பலரும் கேள்விப்பட்ட ஏரோமாடலிங் பொழுதுபோக்கில் இது சகஜம். ட்ரோன் ஓட்டிப் பழகியவர்களும் இதில் தப்புவதில்லை. என்ன காரணம்?

ஜி.பி.எஸ். வசதியுள்ள ட்ரோனில் ஸ்டிக்கை விட்டுவிட்டால், அது அந்தரத்தில் அப்படியே நிற்கும். யோசிக்க நேரம் கிடைக்கும். விமானம் அப்படி நிக்காது. இறக்கை மீது காற்று ஓடிக்கொண்டே இருந்தால்தான் அது மேலே இருக்கும். விமானம் லேசாக இறங்கினால், புதியவர்கள் பதறிப்போய் மூக்கைத் தூக்குவார்கள். வேகம் குறையும், இறக்கை தாங்கும் சக்தியை இழக்கும், பொத்தென்று விழும். இதைத்தான் 'ஸ்டால்' என்கிறார்கள். அந்த நேரத்தில் மூக்கைக் கொஞ்சம் இறக்கி, வேகம் சேர்க்க வேண்டும். தரை நெருங்கும்போது மூக்கை இறக்க யாருக்கு மனசு வரும்? அதனால்தான் முதலில் நல்ல உயரத்துக்குப் போங்க என்கிறார்கள் அனுபவசாலிகள்.

இடது எது, வலது எது?

பலரை ஏமாற்றுவது இதுதான். விமானம் நம்மை விட்டு விலகிப் போகும்போது, வலப்பக்கம் ஸ்டிக்கைத் தள்ளினால் வலப்பக்கம் திரும்பும். அதே விமானம் நம்மை நோக்கி வரும்போது, நம் கண்ணுக்கு இடப்பக்கம் போகும். உள்ளே உட்கார்ந்து ஓட்டுபவருக்கு இந்தக் குழப்பமே இல்லை. கீழே நிற்பவருக்கு ஒரு நொடி தடுமாறினாலே கதை முடிந்தது.

இதற்கு ஒரு எளிய வழி உண்டு. நம்மை நோக்கி வரும்போது எந்தப் பக்க இறக்கை சாய்ந்திருக்கிறதோ, அந்தப் பக்கமே ஸ்டிக்கைத் தள்ளணும். சாய்ந்த இறக்கைக்கு முட்டுக் கொடுப்பதுபோல நினைத்துக்கொண்டால் மறக்காது. கம்ப்யூட்டர் சிமுலேட்டரில் இதைப் பழகிவிட்டு மைதானத்துக்குப் போனால் செலவு மிச்சம்.

பேட்டரி சற்றுப் பின்னால் தள்ளி இருந்தாலும் ஆபத்துதான். மூக்கு கனமான விமானத்தைத் தட்டுத்தடுமாறியாவது இறக்கிவிடலாம். வால் கனமானால் கட்டுப்படுத்துவது ரொம்ப கஷ்டம்.

விழுந்து விழுந்து அட்லாண்டிக்கைத் தாண்டியவர்

அமெரிக்காவின் மேனார்ட் ஹில், வயதான காலத்தில் பார்வையைப் பெருமளவு இழந்தவர். அட்லாண்டிக் கடலைத் தாண்ட அவருடைய குழு 2002-ல் அனுப்பிய விமானங்கள் எதுவும் கரை சேரவில்லை. மறுபடியும் செய்தார்கள். 2003 ஆகஸ்ட்டில் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் கிளம்பிய 'டேம்-5', சுமார் 39 மணி நேரத்தில் 3,000 கிலோமீட்டர் கடந்து அயர்லாந்தில் இறங்கியது. பால்சா மரத்தில் செய்த அந்த விமானத்தின் எடை, எரிபொருளோடு சேர்த்து 5 கிலோவுக்கும் குறைவு! நடுக்கடலில் தானியங்கிக் கருவி ஓட்டியது. ஏற்றுவதும் இறக்குவதும் மட்டும் மனிதர்கள் கையில்.

எங்கே வேணும்னாலும் பறக்க விடலாமா?

முடியாது. 2021 ட்ரோன் விதிகள் ரிமோட் விமானத்துக்கும் பொருந்தும். 2 கிலோ வரை, வணிக நோக்கம் இல்லாமல் பறக்க விட பைலட் சான்றிதழ் தேவையில்லை. ஆனால், இடம் முக்கியம். வான்பரப்பு பச்சை, மஞ்சள், சிவப்பு என மூன்றாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. பச்சை மண்டலத்தில் பொதுவாக 400 அடி வரை அனுமதி கேட்க வேண்டாம். விமான நிலையத்திலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் தூரத்தில் அது 200 அடி மட்டுமே. மீறினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் வரலாம். இரண்டு கிலோ விமானம் வேகமாக வந்து ஒருவர் தலையில் மோதினால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. பக்கத்தில் பசங்க கிரிக்கெட் ஆடும் மைதானம் இதற்கான இடமே இல்லை.

விழுந்த பிறகும் ஒரு ஆபத்து இருக்கு. உடைந்த இறக்கையைப் பசை போட்டு ஒட்டிவிடலாம். ஆனால், அடிபட்ட லித்தியம் பேட்டரி சிறிது நேரம் கழித்துக்கூட தீப்பிடிக்கலாம். அதை உடனே கழற்றி, காருக்குள்ளோ வீட்டுக்குள்ளோ வைக்காமல், வெட்டவெளியில் தள்ளி வைத்துக் கவனிக்க வேண்டும். உப்பியிருந்தால் மறுபடி சார்ஜ் போடவே கூடாது.