கான்ஜி எழுத்துகளை வாசிக்கும் முறை

கான்ஜி என்பது ஜப்பானிய மொழியை எழுதப் பயன்படும் சீன வழி எழுத்துகளைக் குறிக்கும். இவை ஹிரகானா, கட்டகானா ஆகிய ஒலியெழுத்துகளுடன் கலந்து எழுதப்படுகின்றன. ஜப்பானிய அரசு 2010-இல் திருத்திய பொதுப் பயன்பாட்டுப் பட்டியலில் 2,136 கான்ஜி எழுத்துகள் உள்ளன.

இருவகை ஒலிப்பு

தமிழ் எழுத்து ஒலியைக் குறிக்கிறது; கான்ஜி எழுத்து பொருளையும் குறிக்கிறது. எனவே ஓர் எழுத்துக்குப் பல ஒலிப்புகள் இருக்கலாம். சீனத்திலிருந்து வந்த ஒலிப்பு ஓன்யோமி எனவும், ஜப்பானியச் சொல்லின் ஒலிப்பு குன்யோமி எனவும் அழைக்கப்படும். மலையைக் குறிக்கும் எழுத்து தனித்து நின்றால் 'யமா'. ஃபுஜி மலையின் பெயரில் அதுவே 'சன்' (ஃபுஜிசன்). பெரும்பாலும் தனிச்சொல்லில் குன்யோமியும் கூட்டுச்சொல்லில் ஓன்யோமியும் வரும். விதிவிலக்குகளும் பல உண்டு.

தமிழ் ஒப்புமை

பழைய தமிழ் எண்குறி ௰ தனியே 'பத்து' என வாசிக்கப்படும். ௰௧ என்பதில் 'பதின்' (பதினொன்று) எனவும், ௨௰ என்பதில் 'பது' (இருபது) எனவும் ஒலி மாறும்; பொருள் மாறாது. கான்ஜியிலும் இருபது என்பது இரண்டு, பத்து ஆகிய எழுத்துகளை அடுத்தடுத்து எழுதியே குறிக்கப்படுகிறது.

கற்றல்

தாம்பரத்தை அடுத்த ஒரகடம் பகுதியில் ஜப்பானிய நிறுவனங்களின் ஆலைகள் உள்ளன. ஜப்பானிய மொழித் திறன் தேர்வும் சென்னையில் நடத்தப்படுகிறது. என்5 முதல் என்1 வரை ஐந்து நிலைகள் கொண்ட இத்தேர்வில் விடையைத் தெரிவு செய்தால் போதும். கான்ஜியைக் கையால் எழுத வேண்டியதில்லை. ஆனால் சொல்லுக்கேற்ற ஒலிப்பை அறிந்திருக்க வேண்டும். ஆகவே எழுத்தின் ஒலிப்புகளைத் தனியே மனப்பாடம் செய்வதைவிட, அது வரும் சொற்களோடு சேர்த்துக் கற்பதே பயன் தரும்.