சாய்தளம்: 12 அடிக்கு ஓர் அடி

அரசு அலுவலகமோ வங்கியோ, வாசலில் மூன்று படி இருக்கும். ஓரத்தில் சிமென்ட் பூசிய செங்குத்தான சரிவு ஒன்றும் பல இடங்களில் இருக்கும். சக்கர நாற்காலியில் வருபவர் அதில் தனியாக ஏற முடியாது. பின்னாலிருந்து யாராவது தள்ள வேண்டும். இறங்குவது இன்னும் ஆபத்து. ஆனாலும் கணக்கில் அது சாய்தளம்தான்.

சரியான சாய்தளத்துக்கு அளவு உண்டு. ஓர் அடி உயரம் ஏற, குறைந்தது 12 அடி நீளம் வேண்டும். மூன்று படிகள் சேர்ந்து ஒன்றரை அடி என்றால், நீளம் 18 அடி. இடம் போதாவிட்டால் நடுவே சமதளம் விட்டு மடக்கிக் கட்டலாம். மேலே ஏறியதும் நாற்காலி நின்று திரும்ப 1.5 மீட்டர் சமதளம், கதவு திறந்தால் 90 சென்டிமீட்டர் வழி, இருபுறமும் கைப்பிடி, வழுக்காத தரை. இதில் ஒன்று குறைந்தாலும் மற்றவற்றுக்குச் செய்த செலவு வீண்.

அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ரொனால்ட் மேஸ் சிறுவயதில் போலியோவால் பாதிக்கப்பட்டு, சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர். மாற்றுத்திறனாளிக்கென்று தனி வாசல் வைக்காமல், எல்லோரும் ஒரே வாசலால் நுழையும்படி வரைபடத்திலேயே யோசிக்கச் சொன்னார். முழங்கால் வலியுள்ள பாட்டிக்கும், நிறைமாதக் கர்ப்பிணிக்கும், சிலிண்டர் இறக்குபவருக்கும் அந்த வாசல்தான் வசதி.

நம் நாட்டில் சட்டத்துக்குக் குறைவில்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, தடையில்லா வசதி இல்லாத கட்டடத்துக்குப் பணிமுடிப்புச் சான்றிதழே தரக்கூடாது. பழைய பொதுக் கட்டடங்களைத் திருத்தத் தந்த ஐந்தாண்டு அவகாசம் 2022-இல் முடிந்துவிட்டது. பார்வையற்றவரான ராஜீவ் ரத்தூரி 2005-இல் தொடுத்த வழக்கில், விதிகள் வெறும் பரிந்துரையாக இருப்பது செல்லாது என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மூன்று மாதத்துக்குள் கட்டாய விதிகளை வகுக்கவும் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. பத்தொன்பது ஆண்டு காத்திருந்து கிடைத்த தீர்ப்பு இது. இனி எந்தப் பொறியாளரும் 'முடிந்தவரை செய்தோம்' என்று நழுவ இடம் தரக்கூடாது.

உங்கள் ஊர் அலுவலகத்துச் சாய்தளத்தை ஒரு டேப் கொண்டு அளந்து பாருங்கள். அளவு தவறினால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்குப் படத்துடன் எழுதுங்கள். விசாரிக்கும் அதிகாரத்தைச் சட்டம் அவருக்குத் தந்திருக்கிறது.