ஸ்ட்ரெதம் பாய்லரும் பிரிட்டன் கஜானாவும்

ஸ்ட்ரெதம் ஹை ரோட்டிலிருந்து கிளை பிரியும் தெருக்களில் விக்டோரியா காலத்துச் செங்கல் வீடுகள் ஏராளம். கெட்டிச் சுவர்கள்தான், ஆனால் சூடு தங்காது. குளிர் தொடங்கியதும் பாய்லருக்கு ஓய்வில்லை.

அந்த பாய்லர்களில் பெரும்பாலானவை எரிவாயுவில் ஓடுவதற்குக் காரணம் வடகடல். 1965இல் அங்கே எரிவாயு கிடைத்ததும், 1967 முதல் பத்தாண்டுகளில் வீடுவீடாக அடுப்புகளை மாற்றி, நாடு முழுவதையும் அதற்குப் பழக்கினார்கள். கூடவே வந்தது எண்ணெய்ப் பணம். 1980களில் குவிந்த அந்த எண்ணெய் வரிப்பணத்தை பிரிட்டன் அன்றாடச் செலவில் கரைத்தது. அதே கடலில் எண்ணெய் எடுத்த நார்வேயோ 1990இல் தனி நிதியம் அமைத்துச் சேமித்தது. மின்கார்களுக்குத் தாராளமாக வரிவிலக்கும் தந்தது. 2024இல் அங்கு விற்ற புதிய கார்களில் ஏறக்குறைய பத்துக்கு ஒன்பது மின்கார்கள். எண்ணெயை அயல்நாடுகளுக்கு விற்பதை மட்டும் நார்வே நிறுத்தவில்லை!

பிரிட்டனின் கடைசி நிலக்கரி மின்நிலையமான ராட்கிளிஃப் 2024 செப்டம்பர் 30இல் மூடப்பட்டது. மின் உற்பத்தியில் கார்பன் உமிழ்வு குறைந்துவிட்டது. ஆனால் காற்றாலை, சூரிய மின்சாரத்துக்கான மானியச் சுமையைப் பொது வரியில் ஏற்றாமல், பெரும்பாலும் மின்கட்டணத்திலேயே ஏற்றினார்கள். கஜானாவுக்கு நிம்மதி. வீட்டிலோ ஒரு யூனிட் மின்சாரம் எரிவாயுவைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு விலை. பாய்லரைக் கழற்றிவிட்டு மின்சாரத்தில் ஓடும் ஹீட் பம்புக்கு மாற யாருக்கு மனம் வரும்? இந்தச் சுமையில் ஒரு பகுதியை 2026 ஏப்ரலிலிருந்து அரசே ஏற்கும் என்று 2025 நவம்பர் பட்ஜெட் அறிவித்தது. தாமதமான திருத்தம்.

அரசுக்காகக் காத்துச் சும்மா இருக்கத் தேவையில்லை. வாடகை வீட்டின் ஆற்றல் சான்றிதழ் 'எஃப்' அல்லது 'ஜி' தரமாக இருந்தால், பதிவுசெய்த விலக்கு இல்லாமல் வீட்டுக்காரர் அதை வாடகைக்கு விட முடியாது. போஸ்ட்கோடைக் கொடுத்து இணையத்தில் யாரும் சான்றிதழைப் பார்க்கலாம். மீறல் தெரிந்தால் கவுன்சிலிடம் புகார் செய்யலாம். சொந்த வீட்டில் ஹீட் பம்ப் பொருத்துவோருக்கு 7,500 பவுண்டு மானியம் உண்டு. எரிசக்தி நிறுவனம் தன் தவறால் பில் அனுப்பாமல் விட்டிருந்தால், 12 மாதங்களுக்கு முந்தைய பயன்பாட்டுக்குப் பணம் கேட்க முடியாது. புகார் எட்டு வாரங்களில் தீராவிட்டால் எரிசக்தி ஆம்புட்ஸ்மனிடம் போகலாம், கட்டணம் இல்லை.

எச்சரிக்கை தேவைப்படுவது இன்சுலேஷன் விஷயத்தில். அரசுத் திட்டங்களில் வெளிச்சுவர் இன்சுலேஷன் செய்த வீடுகளில் 98 சதவீதத்தில் சரிசெய்ய வேண்டிய பெரிய குறைகள் இருப்பதாக 2025 அக்டோபரில் தேசியத் தணிக்கை அலுவலகம் சொன்னது. ஈரமும் பூஞ்சணமும் அதன் விளைவு. அந்த வேலைக்கான பணமும் பில் கட்டுவோரிடம் வசூலித்ததுதான். ஆகவே கதவைத் தட்டி 'இலவசம்' என்பவரிடம் உடனே கையெழுத்துப் போட வேண்டாம். அரசு அங்கீகரித்த தர அமைப்பான டிரஸ்ட்மார்க்கில் உள்ள பதிவையும் உத்தரவாதத் தாளையும் முதலில் கேட்க வேண்டும். ஏற்கெனவே சுவர் கெட்டிருந்தால், படம் எடுத்து, வேலை செய்த நிறுவனத்துக்கும் டிரஸ்ட்மார்க்குக்கும் எழுதலாம். பழுதைச் சரிசெய்யும் செலவு வீட்டில் இருப்பவருடையதல்ல.