தடை வந்தால் சரக்கு யார் தலையில்?



2019 ஜனவரி முதல் தேதியை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழக அரசு விதித்த தடை அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. ஆறு மாதம் முன்னதாகவே அறிவித்திருந்தார்கள். ஆனாலும் 'கடைசி நேரத்தில் தள்ளிப் போடுவார்கள்' என்று நம்பி, கேரி பேக் மூட்டைகளை வாங்கிக் கிடங்கில் அடுக்கினோம். தடை வந்த பிறகு, கொடுத்தவரிடம் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னோம். 'பில் இருக்கிறதா?' என்று கேட்டார். நம்மிடம் இருந்தது துண்டுச் சீட்டு. நஷ்டம் நம் தலையில் விடிந்தது.

இது நமக்கு மட்டும் வந்த சோதனையல்ல. 1977-ம் ஆண்டு அமெரிக்காவில், குழந்தைகளின் இரவு உடையை விற்ற வியாபாரிகளுக்கும் தைத்த முதலாளிகளுக்கும் இதைவிடப் பெரிய சோதனை வந்தது. சரக்கு வாங்கி விற்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய வரலாறு அது.

நல்ல நோக்கத்தில்தான் எல்லாம் தொடங்கியது. இரவு உடையில் தீப்பற்றிக் குழந்தைகள் கருகிச் சாவதைத் தடுக்க, 1971-ல் அந்நாட்டு அரசு ஒரு தரவிதி கொண்டுவந்தது. குழந்தைகள் அணியும் இரவு உடை எளிதில் தீப்பற்றக் கூடாது என்பதே விதி. ஆலைக்காரர்கள் பாலியஸ்டர் போன்ற துணிகளில் 'ட்ரிஸ்' என்ற தீத்தடுப்பு ரசாயனத்தை ஏற்றினார்கள். துணியின் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவுக்கு அது சேர்ந்தது. சட்டப்படி செய்த சரக்கு. கடைக்காரர் தைரியமாக விற்றார், தாய்மார்கள் நம்பி வாங்கினார்கள்.

பிறகு கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. 1977 ஜனவரியில் ஆர்லீன் பிளம், புரூஸ் ஏம்ஸ் என்ற இரு விஞ்ஞானிகள், இந்த ட்ரிஸ் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று எச்சரித்து எழுதினார்கள். அந்நாட்டுத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்த சோதனையிலும் கட்டிகள் உண்டாயின. அந்த உடையை அணிந்த குழந்தைகளின் சிறுநீரில், ட்ரிஸ் உடலுக்குள் சிதைந்து உண்டாகும் பொருள் வருவதை 1978-ல் கண்டுபிடித்தார்கள். தீயிலிருந்து காக்கப் போட்ட மருந்து, தோல் வழியே பிள்ளையின் உடம்புக்குள் போயிருந்தது.

1977 ஏப்ரல் 8-ம் தேதி, அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் ட்ரிஸ் ஏற்றிய குழந்தை உடைகளுக்குத் தடை விதித்தது. துவைக்காத உடையைத் திருப்பிக் கொண்டுவந்தால் பணம் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னது. வாடிக்கையாளர் கடைக்காரரிடம் வந்தார், கடைக்காரர் உடை தைத்தவரிடம் போனார். சங்கிலி அங்கேயே நின்றுவிட்டது. துணி நெய்த ஆலைக்கோ, ரசாயனம் செய்த கம்பெனிக்கோ அந்த உத்தரவில் பொறுப்பு இல்லை. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்களே, அந்தக் கதைதான்!

ஆடைத் தயாரிப்பாளர் சங்கம் கோர்ட்டுக்குப் போனது. ஆலையும் ரசாயனக் கம்பெனியும் சுமையில் பங்கு ஏற்க வேண்டும் என்று கோர்ட் சொன்னது. ஆலைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? அவர்களில் ஒருவர் தென் கரோலினாவில் வேறு கோர்ட்டுக்குப் போனார். முறைப்படி விசாரணை நடத்தாமல் போட்ட தடை என்று காரணம் காட்டி அந்தக் கோர்ட் 1977 ஜூன் மாதம் அதை நிறுத்தியது. அதன் பிறகு ஆணையம் கம்பெனி கம்பெனியாக வழக்குத் தொடுத்து விற்பனையைத் தடுத்தது. நஷ்டஈடு கொடுக்க நாடாளுமன்றம் நிறைவேற்றிய மசோதாவை 1978-ல் ஜனாதிபதி கார்ட்டர் ஏற்க மறுத்தார். அதற்கு வழிசெய்யும் சட்டம் 1982 இறுதியில்தான் வந்தது. ஐந்து ஆண்டுக்கு மேல் பணம் முடங்கினால் சிறு முதலாளி என்ன ஆவார் என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தேங்கிய சரக்கைச் சிலர் வெளிநாடுகளுக்கு ஏற்றுமதி செய்தார்கள். தன் நாட்டுப் பிள்ளைக்கு ஆகாதது அடுத்த நாட்டுப் பிள்ளைக்கு ஆகுமாம்! அந்த ஏற்றுமதியையும் 1978-ல் ஆணையம் தடுத்தது. மலிவாக வரும் 'எக்ஸ்போர்ட் லாட்' சரக்கைப் பார்த்ததும் ஆசைப்படும் நாம், அது ஏன் மலிவு என்று ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும்.

ட்ரிஸ் போனதோடு கதை முடியவில்லை. அண்ணன் போன இடத்துக்குத் தம்பி வந்தான். புரோமினுக்குப் பதில் குளோரின் கலந்த ட்ரிஸ் வந்தது. அதிலும் குற்றம் தெரிந்ததும் இரவு உடையிலிருந்து விலகியது. ஆனால் அதே ரசாயனம் சோபா மெத்தைகளிலும் குழந்தைச் சாமான்களின் நுரைப் பஞ்சிலும் குடியேறியது. 1975-ல் கலிபோர்னியா மாநிலம் போட்ட விதிப்படி, உள்ளே இருக்கும் நுரைப் பஞ்சு 12 விநாடி தீச்சுடரைத் தாங்க வேண்டும். அதற்காகத்தான் இந்த மருந்து. மேலே போர்த்திய துணியில்தான் தீ முதலில் பிடிக்கிறது என்பதை உணர்ந்து, 2013-ல் விதியை மாற்றி மேல் துணியைச் சோதிக்கச் சொன்னார்கள். ரசாயனம் இல்லாமலே தேறும் வழி பிறந்தது. 2020 முதல், மெத்தை, சோபா, குழந்தைச் சாமான்களில் தீத்தடுப்பு ரசாயனம் பத்து லட்சத்தில் ஆயிரம் பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று அம்மாநிலம் சட்டமே போட்டது.

ஏன் இத்தனை காலம்? 1976-ல் அமெரிக்கா இயற்றிய ரசாயனச் சட்டம், அதற்கு முன்பே புழக்கத்தில் இருந்த சுமார் 62,000 ரசாயனங்களைச் சோதனையில்லாமல் அப்படியே விட்டுவிட்டது. 2016-ல் சட்டத்தைத் திருத்திய பிறகே, பழையவற்றையும் வரிசையாக ஆராய்ந்து முடிவு சொல்லும் கட்டாயம் வந்தது. முதலில் விற்பனை, பிறகு ஆராய்ச்சி, கடைசியில் தடை என்றால் நடுவில் மாட்டிக்கொள்பவர்கள் இருவர். ஒருவர் வாடிக்கையாளர், மற்றவர் வியாபாரி.

நம் நாட்டிலும் விதிகள் வந்துவிட்டன. 2018 மார்ச்சில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஏழு வகை நச்சு ரசாயனங்களின் உற்பத்தி, வியாபாரம், உபயோகம், இறக்குமதி, ஏற்றுமதி ஆகியவற்றைத் தடை செய்தது. அவற்றில் புரோமின் கலந்த தீத்தடுப்பு ரசாயனங்களும் உண்டு. 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். மளிகைக் கடையில் கொக்கியில் தொங்கும் பொம்மைக்கும் இது பொருந்தும்.

ஆகவே நாம் செய்ய வேண்டியவை மூன்று. முதலாவது, பில் இல்லாத சரக்கைத் தொடாதீர்கள். லாட் எண்ணும் பில்லும் பத்திரமாக இருக்கட்டும். இரண்டாவது, சட்டப்படி தடை வந்தால் சரக்கைத் திருப்பி எடுத்துக்கொள்வதாகக் கொடுப்பவரிடம் எழுதி வாங்குங்கள். தனி ஆளாகக் கேட்டால் சிரிப்பார்கள், சங்கமாகக் கேட்டால் எழுதிக் கொடுப்பார்கள். மூன்றாவது, தடைச் செய்தி வந்த அன்றே சரக்கைத் தனியே ஒதுக்கி வையுங்கள். 'இருப்பதை மட்டும் தள்ளிவிடலாம்' என்ற எண்ணம் வேண்டாம்.

தீயைத் தடுக்கும் விதியும் வேண்டும், விஷத்தைத் தடுக்கும் விதியும் வேண்டும். இரண்டையும் எதிர்ப்பது நம் வேலையல்ல. தடையின் சுமை கடைக்காரர் தலையில் மட்டும் விழாமல், பொருளைச் செய்தவர் வரை போய்ச் சேர வேண்டும் என்று கேட்பது நம் உரிமை. நம் கல்லாவில் பணம் வைத்துவிட்டு ஒரு தாய் பிள்ளைக்கு எடுத்துப் போகும் பொருள், நம் பேரப்பிள்ளைக்கும் கொடுக்கத் தகுந்ததாக இருக்க வேண்டும் என்பது நம் கடமை.

உரிமையைச் சங்கத்தில் கேட்போம். கடமையைக் கடையில் செய்வோம்.