சம்பளத்தில் பிடித்த அரசியல்

அமெரிக்காவில் வேலை பார்த்தபோது, பக்கத்து மேசை நண்பர் ஒரு மின்னஞ்சலை வெகுநேரம் பார்த்தபடி இருந்தார். நிறுவனத்தின் அரசியல் நிதிக் குழுவுக்கு மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சம்மதம் கேட்டிருந்தார்கள். "மேலாளரே கொடுக்கிறார், நான் எப்படி மறுப்பது?" என்றார். எனக்கு அது வரவில்லை. பச்சை அட்டை இல்லாத வெளிநாட்டவரிடம் வாங்கக் கூடாது.

அங்கே மத்தியத் தேர்தல் வேட்பாளர்களுக்கு நிறுவனங்கள் நேரடியாகப் பணம் கொடுப்பதற்கு 1907 முதல் தடை. அதனால்தான் 'பேக்' எனப்படும் இந்தச் சுற்றுவழி. குழுவை நடத்தும் செலவை நிறுவனம் ஏற்கலாம். நன்கொடை மட்டும் ஊழியர், பங்குதாரர் பையிலிருந்து வரவேண்டும். ஒருவர் ஆண்டுக்கு 5,000 டாலர் வரை தரலாம். 200 டாலரைத் தாண்டினால் பெயர் பொதுப் பதிவில் ஏறிவிடும்.

யாருக்குப் போகிறது என்பதைத் தீர்மானிப்பது குழுதான். பெரும்பாலும் இரு கட்சிக்காரர்களுக்கும் பங்கு உண்டு. நண்பரை உறுத்தியது அதுதான்: தாம் எதிர்த்து வாக்களித்தவருக்கும் தம் காசு போகலாம்.

மறுப்பவரைப் பழிவாங்கக் கூடாது என்பது சட்டம். மின்னஞ்சலின் அடியிலும் அது இருந்தது, பொடி எழுத்தில். ஒரு வாரம் யோசித்து, மறுத்துவிட்டார். மேலாளர் எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் அடுத்த சம்பள உயர்வுக் கடிதம் கைக்கு வரும்வரை மனிதர் சரியாகச் சாப்பிடவில்லை.