நெட்டி ஓசையும் நோய் நீக்கமும்

குழந்தையை நீராட்டிப் பொட்டிட்டதும், பாட்டி தன் இரு கைகளாலும் அதன் கன்னங்களைத் தடவி, விரல்களை மடக்கித் தன் நெற்றியோரத்தில் வைத்து அழுத்துவாள். விரல்கள் படபடவென நெட்டி முறியும். ஓசை எத்துணை மிகுதியோ, அத்துணைக் கண்ணேறு கழிந்தது என்பது அவள் துணிபு. மூட்டில் எழும் ஓசையைத் தீங்கு நீங்கியமைக்குச் சான்றாகக் கொள்ளும் இவ்வெண்ணம் நம் மூதாட்டியர்க்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவிலே தோன்றிய மருத்துவ முறையொன்றை நாடிச் செல்வோர் பலரிடத்தும் இது காணப்படும். கைரோபிராக்டிக் என்பது அம்முறையின் பெயர்.

கிரேக்க மொழியிலே ‘கெய்ர்’ என்பது கை. ‘பிராக்சிஸ்’ என்பது செயல். இரண்டும் சேர்ந்து கையாற் செய்வது எனப் பொருள்படும். தமிழிலே கைவினை எனலாம். இப்பெயரைத் தேடித் தந்தவர் சாமுவேல் வீட் என்னும் பாதிரியார். முறையை வகுத்தவர் டானியல் டேவிட் பாமர். அவர் 1845 இல் கனடாவிற் பிறந்து, ஐக்கிய அமெரிக்காவிற் குடியேறி, ஆசிரியராயும் தேனீ வளர்ப்பவராயும் மளிகை வணிகராயும் வாழ்ந்து, பின்னர் காந்த சிகிச்சை செய்பவராயினார்.

1895 செப்டெம்பரில், ஐயோவா மாநிலத்து டேவன்போட் நகரிலே, அவர் தொழில் செய்த கட்டடத்தின் துப்புரவுப் பணியாளரான ஹாவி லிலாட் என்பவரைக் கண்டார். குனிந்து பாடுபட்டபோது முதுகில் ஏதோ நெரிந்ததாகவும், அன்று தொட்டு 17 ஆண்டுகளாகச் செவி கேளாதிருந்ததாகவும் அவர் கூறினாராம். பாமர் முதுகில் எழுந்து நின்ற முள்ளென்பொன்றைக் கையால் அழுத்தித் தள்ள, செவி திறந்தது என்பது பாமர் எழுதிய வரலாறு. லிலாட்டின் மகள் கூறியது வேறு: நகைப்புக்கிடமான ஒரு கதையைக் கேட்டு மகிழ்ந்த பாமர் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார், அதன் பின்னரே கேள்வி தெளிந்தது. ஏட்டுச்சுவடியில் மட்டுமன்றி வாழ்க்கையிலும் பாடபேதம் உண்டு.

எந்தப் பாடத்தைக் கொள்ளினும் ஓர் இடர்ப்பாடு உளது. முள்ளந்தண்டினின்று 31 சோடி நரம்புகள் புறப்படுகின்றன. செவிப்புல நரம்போ மூளையிலிருந்து மண்டையோட்டினுள்ளேயே செவிக்குச் செல்வது. முதுகெலும்பின் வழியே வருவதன்று. எனினும், 100 நோய்களுள் 95 முள்ளென்பு இடம் பெயர்வதால் விளைவன என்று பாமர் 1910 இல் நூல் செய்தார். ஒரு மரத்தைக் கண்டு காடெல்லாம் அதுவே என்று துணிந்தமை போன்றது அக்கூற்று.

அங்ஙனமாயின், நெட்டி முறியும்போது கேட்பது யாது? மூட்டினுள் வழுவழுப்பான நீர் உண்டு. மூட்டைச் சடுதியில் இழுக்க, உள்ளே அமுக்கம் குறைந்து வாயு நிறைந்த வெற்றிடம் தோன்றும், ஓசையும் எழும். 2015 இல் வெளியான கனடா நாட்டு ஆய்வொன்று, காந்தப் பரிவுப் படத்தால் விரல் மூட்டிலே இதனைக் காட்டிற்று. என்பு தன்னிடம் மீண்டதற்கு அவ்வோசை சான்றாகாது.

இம்முறையை முற்றாகத் தள்ளுதலும் நேர்மையன்று. இடுப்பு நோவுக்குக் கையாற் செய்யும் இச்சிகிச்சை ஓரளவு பயன் தருவது. பிற வழக்கமான சிகிச்சைகளோடு ஒப்ப வைத்தெண்ணத் தக்கது. அமெரிக்க வைத்தியர் கல்லூரி 2017 இல் வெளியிட்ட வழிகாட்டலிலும் மருந்தில்லாச் சிகிச்சைகளுள் ஒன்றாக இதற்கு இடமுண்டு. அமெரிக்க மருத்துவச் சங்கம் இத்தொழிலாளரைப் பகிட்கரித்தமை போட்டிச் சட்டத்துக்கு முரண் என 1987 இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் முறை மெய்யா பொய்யா என்பதை அத்தீர்ப்பு உரைக்கவில்லை. பிரித்தானியாவிலே, குழந்தைகளின் ஈழை முதலியவற்றுக்கும் இது பயன்படும் என்ற கூற்றுக்குச் சான்றில்லை என 2008 இல் எழுதிய சைமன் சிங் மீது அவதூறு வழக்குத் தொடரப்பட்டது. 2010 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவர்க்குச் சார்பாகத் தீர்ப்பளிக்க, வழக்குக் கைவிடப்பட்டது. சான்று கேட்டல் குற்றமன்று என்பது நிலைபெற்றது.

இவையெல்லாம் கடல் கடந்த செய்தி என்று நாம் வாளாவிருத்தல் ஆகாது. முடி திருத்தும் கடையிலே, வேலை முடிந்ததும் தலையைப் பற்றி இடமும் வலமும் வெடுக்கெனத் திருப்பி நெட்டி எடுக்கும் வழக்கம் நம்மவரிடத்தும் உண்டு. கைத்தொலைபேசியிலே பிறர் கழுத்து முறியும் ஓசையைக் கேட்டு மகிழ்வாரும் பலர். கழுத்தென்புகளின் துளைகளூடே மூளைக்குக் குருதி கொண்டு செல்லும் நாடிகள் ஏறுகின்றன. சடுதித் திருப்பத்தால் அந்நாடியின் உட்சுவர் கிழியின், பாரிசவாதம் நேரலாம். அரிதேயாயினும், நேர்ந்தால் இடர் பெரிது.

ஆதலால், கை கால் மரத்தல், காய்ச்சலோடு கூடிய முதுகு நோவு, விழுந்ததன் பின் எழுந்த நோவு, சிறுநீர் அடக்க இயலாமை ஆகியவை உளவாயின் முதலில் வைத்தியரை நாடுக. கழுத்தைப் பிறர் கையில் ஒப்படைக்குமுன், அக்கை கற்ற கைதானா என்று வினவுக.

பாட்டியின் நெட்டியில் முறிவது அவள் விரலேயன்றிக் குழந்தையின் கழுத்தன்று. அவள் அன்பு எவர்க்கும் ஊறு செய்யாதது. நோய் தீர்க்கப் புகும் கைக்கும் அந்த அடக்கம் வேண்டும்.